நெஞ்சளவு

இந்தக் காலத்து ஆட்கள் ஒரு செல்போன் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். மாப்பிள்ளை எடுக்கும்போது மட்டும் எந்தக் கம்பெனி என்று கேட்பதோடு சரி.

மண்ணூரில் நான் வைத்திருப்பது பர்கூர் மலைமாடு. அந்தியூர்ச் சந்தையில் பிடித்து வந்த வம்சம். முன்னங்காலுக்குப் பின்னால் நாடாவைச் சுற்றி நெஞ்சை அளப்பேன். குறுகலான காளையைப் பசுவோடு விடமாட்டேன், அடிமாட்டுக்குப் போய்விடும். ஒன்றை விட்டாலும் தொழுவமே சப்பையாகிவிடும்.

என் மகள் ஜோஸ்லின், ஒரகடத்தில் கார் கம்பெனி லைனில் நிற்கும் ஜாக்சனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். கல்யாணக் கோட்டுக்கு என்று சொல்லி அவனைச் சுற்றி நாடா பிடித்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தும் நெஞ்சு முப்பத்தோரு அங்குலத்தைத் தாண்டவில்லை.

"இன்னா மாமா, சந்தைக்கு ஓட்டிக்கினு போவப் போறியா?" என்று சிரித்தான்.

"அவரு இன்னா காளையா நைனா? வுடு," என்றாள் ஜோஸ்லின்.

மாதா கோயிலில் முதல் ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோது, தடை இருந்தால் சொல்லலாம் என்றார் சாமியார். தனியாகப் போய், நெஞ்சு குறுகல் ஒரு தடையா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். மூன்றாம் ஞாயிறு ஓலையும் வாசித்துவிட்டார்கள். எனக்கு வேறு வழி வைக்கவில்லை.

மலைமாட்டுக்கு வேற்றாள் ஆகாது. யாராவது தொழுவத்தில் இறங்கவேண்டும் என்றால் என் வியர்வைத் துண்டைத் தோளில் போட்டு அனுப்புவேன். அந்த வாசனைக்கு அடங்கி நிற்கும். பெரிய காளையை அளந்து வரச் சொல்லி ஜாக்சனிடம் ஒரு துண்டைக் கொடுத்தேன். சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்தது.

"உன் துண்டுதான மாமா?"

"ஆமா."

பொய் இல்லை. என் துண்டுதான். அவன் இறங்கியதும் படலைச் சாத்திக் கொண்டி போட்டேன். மாமா, மாமா என்று கூப்பிட்டது கேட்டது. திறக்கவில்லை.

மாடு முட்டிச் சாவு என்று ஸ்டேஷனில் எஸ்.ஐ. கலைமதி எழுதியிருந்தார். மாட்டின்மேல் பழி போடாதீர்கள், கொன்றது நான்தான் என்று போய்ச் சொன்னேன். அந்த நெஞ்சு என் வம்சத்துக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான் என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார்.

"பெரியவரே, உங்க பொண்ணு முழுகாம இருக்குது. மூணு மாசம்."

போலீஸ்காரர்கள் வாயில் வருவதையெல்லாம் நம்ப முடியுமா? வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்து நடந்தேன். என் மகள் என்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டாள்.