எடுத்துக்கோன்னதும் எடுத்துக்கிட்டா

வாங்கிக்கிட்டா, அபூ நபீல். எடுத்துக்கோன்னேன், எடுத்துக்கிட்டா. பிள்ளை சட்டையிலிருந்து தங்க ஊசியைக் கழட்டி, தன் முதுகுப் பையில குத்திக்கிட்டு, "நன்றி அம்மையீர்"னு சொல்லிட்டு மாடி இறங்கிப் போயிட்டா. அப்படியும் ஒருத்தி உண்டா சொல்லுங்க.

நீங்க செஞ்சு குடுத்த ஊசிதான். பிள்ளைக்குக் கண்ணு படாம இருக்க நடுவுல நீலக்கல் வெச்சது. யாகூப் பொறந்த அன்னைக்கு என் மாமியார் தன் கையால குத்திவிட்டாங்க. நாளைக்கு இர்பிதிலிருந்து வர்றாங்க. அவங்களை உங்களுக்குத் தெரியாதா? வந்ததும் பேரன் மூஞ்சியைப் பாக்கமாட்டாங்க, தோளைத்தான் பாப்பாங்க. அதான் இவனைத் தூக்கிக்கிட்டு இந்த லுவைப்தே ஏத்தத்துல மூச்சு வாங்க வந்தேன். நாளைக்குள்ள அதே மாதிரி ஒண்ணு... பத்து நாளா? சரி, அதை அப்புறம் பேசுவோம், முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

அவ எங்க கீழ் வீட்டுல இருக்கா. மரீத்னு பேரு, நார்வேக்காரி. அரபி படிக்க வந்து ஏழு மாசம் ஆச்சு. அரபி நல்லாத்தான் வருது, ஆனா செய்தி வாசிக்கிற அரபி. காய்க்கடையில போய் "வணிகரே, இத்தக்காளியின் விலை யாது?"ன்னு கேட்டாளாம். கடைக்காரன் ஏதோ அதிகாரி வந்துட்டாங்கன்னு எழுந்து நின்னுட்டான். அதுகூடப் பரவால்ல. நம்ம வாயில வர்றதையெல்லாம் அப்படியே நம்பிடுறா, அதுதான் தாங்கல. மூணாம் மாடிப் பெரியவர் ஹன்னா படிக்கட்டுல உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருந்தார். இவ தாண்டிப் போனா, "வாங்க, சாப்பிடலாம்"னார். மனுஷன்னா சொல்லத்தானே செய்வார்? இவ பக்கத்துல உக்காந்து பாதியைப் பிச்சுத் தின்னுட்டா. எங்க வீட்டுக்கு ஒரு நாள் வந்தவ கிளம்பினா. "இப்பவே ஏன், தங்கிட்டுப் போயேன்"னேன். போர்வை எங்கேன்னு கேட்டா. என் வீட்டுக்காரர் சுஹைல் அன்னைக்குப் பால்கனியில படுத்தார்.

ஊசிக்கு வர்றேன், வர்றேன். போன திங்கக்கிழமை பிள்ளையைப் பாக்க வந்தா. குனிஞ்சு பாத்துட்டு, "இந்த ஊசி எவ்வளவு அழகு"ன்னா. சும்மா, வெறுமனே. கடவுள் காப்பாத்தட்டும்னு ஒரு வார்த்தை கூடச் சேர்க்கல. நான் இதெல்லாம் நம்புறவ இல்ல, அபூ நபீல். பன்னெண்டு வருஷம் கன்னியாஸ்திரீகள்கிட்ட படிச்சவ. திருஷ்டின்னு வாயெடுத்தாலே முழங்கால் போட வெச்சிருவாங்க. நம்பமாட்டேன். ஆனா அவ சொல்லி வாய் மூடல, பிள்ளை விக்கினான். ரெண்டு தடவை.

நான் என்ன பண்ணுவேன்? கண்ணு பட்ட பொருளைக் கண்ணு வெச்சவங்க கையிலயே குடுத்துட்டா கண்ணும் அதோட போயிடும்னு சொல்வாங்கல்ல... நம்பிச் செய்யல, ஒரு இதுக்குத்தான். "உனக்குத்தான், எடுத்துக்கோ"ன்னேன். "இயலாது அம்மையீர்"னா. மறுபடி சொன்னேன். மறுபடியும் இயலாதுன்னா. மூணாவது தடவை உள்ளங்கையிலயே வெச்சேன். அப்பவும் வேணாம்னுதானே சொல்லணும்? கையை மூடிக்கிட்டா.

என்ன கேட்டீங்க? கழட்டினது யாரா? அவளுக்கு அந்தக் கொக்கி தெரியாதே. நான்தான் கழட்டினேன்.

சிரிக்காதீங்க. அஞ்சு நாளா நான் கண்ணு மூடல. பிள்ளை தூங்கினா மூக்குகிட்ட விரல் வெச்சு மூச்சு வருதான்னு பாக்குறேன். வருது. எடுத்ததும் மறுபடி வெக்கிறேன். டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறார். அவருக்கென்ன, அவர் வீட்டுப் பிள்ளைங்க ஊசியோட இருக்கும்.

திருப்பிக் கேக்கறதா? அது... கேக்கவே வேண்டி வரல. நேத்து அவளே வந்தா. பள்ளிக்கூடத்துல அவ வாத்தியார்கிட்ட சொல்லியிருக்கா, அவர் தலையில அடிச்சுக்கிட்டாராம். ஊசியைப் பஞ்சுல சுத்தி எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னா. "அறியாது பிழை செய்தேன், பொறுத்தருள்க"ன்னா. அழற மாதிரி இருந்துச்சு.

வாங்கியிருக்கலாம். கை நீட்டினா போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயே, என்ன பேச்சு இது, குடுத்ததைத் திரும்ப வாங்குற வீடா எங்க வீடு?"ன்னேன். மறுபடி நீட்டினா. மூணாவது தடவை வாங்கிக்கலாம்னுதான் நெனச்சுக்கிட்டே இருந்தேன், சத்தியமா. ஆனா வாய் நிக்கல. "இந்தப் பிள்ளை தலை மேல சத்தியம், தொடமாட்டேன்"னுட்டேன். கையையும் வெச்சுட்டேன் தலையில. இனி அவ குடுத்தாலும் நான் எப்படி வாங்குவேன், சொல்லுங்க? சுஹைல்கிட்ட சொல்லல. சொன்னா அவர் முதல்ல சிரிப்பார், அப்புறம் அம்மாவுக்கு ஃபோன் போடுவார்.

அதனால நீங்கதான் ஏதாவது... அது என்ன, தராசுக்கு மேல ஆணியில தொங்குறது? அதே நீலம். அதே கொக்கி. அச்சு அசலா அதேதான். உங்க பேரனுக்குச் செஞ்சதா? பெரியவனாயிட்டானா, கடவுள் காப்பாத்தட்டும். ரொம்ப அழகா இருக்கு.

ஐயோ, இல்ல இல்ல, நான் அதுக்காகச் சொல்லல. எதுக்குக் கழட்டுறீங்க? பிள்ளைக்கா? வேணாம், அபூ நபீல். அது உங்க கடையில இருந்தாத்தான் அழகு. ஞாபகமா வெச்சிருக்கீங்க, நான் வாங்குவேனா? மாட்டவே மாட்டேன், நீங்க...

திரும்ப ஆணியிலயே மாட்டிட்டீங்களா.

இல்ல, ஒண்ணுமில்ல. ஒரு தடவைதான் எடுத்துக்கோன்னீங்க, அதான். அபூ நபீல், கொஞ்சம் இருங்க, ஷட்டரை இறக்காதீங்க. இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கு.