பில்ஜ் என்னைத் தேர்ந்தெடுத்த விதம்

மேசை ஓரத்தில் இருக்கும் கோப்பையைப் பூனை காலால் தள்ளிக் கீழே போடுவது கோபத்தால் அல்ல. நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அது சும்மா பார்க்கிறது: இதைத் தள்ளினால் என்ன ஆகும், இவள் எழுந்து வருவாளா என்று. எழுந்து வந்தால் நாளைக்கும் தள்ளும். அவ்வளவுதான் விஷயம். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது போலிருக்கிறது, சட்டைக் கையில் செம்பழுப்பு முடி ஒட்டியிருக்கிறது. தட்டிவிட வேண்டாம், எனக்கு அது பழக்கம்தான்.

நீங்கள் கேட்டபடி ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. என் பெயர் ரோஸ் டக்கெட். இதே உல்வர்ஸ்டோன் ஊரில், ஒரு கால்நடை மருத்துவரின் வரவேற்பு மேசையில் வெகுகாலம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றபிறகு ஊர்ப் பத்திரிகையில் பூனைகளைப் பற்றி எழுதுகிறேன். காலி அட்டைப்பெட்டியைக் கண்டால் ஏன் உள்ளே போய் உட்காருகிறது, ஒன்றுமே இல்லாத சுவரை ஏன் முறைத்துப் பார்க்கிறது, செத்த எலியைக் கொண்டுவந்து ஏன் நம் செருப்பில் போடுகிறது என்றெல்லாம் கேட்டு ஜனங்கள் எழுதுவார்கள். நான் பதில் சொல்வேன். கடைத்தெருவில் நிறுத்திக்கூடக் கேட்பார்கள். எனக்கென்று பூனை கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு அதற்குப் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டது. பூனைகள் அப்படித்தான்.

கிளெம் ஹார்ட்னல் என் பக்கத்து வீட்டுக்காரர். கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை பார்த்தவர். மனைவி இறந்தபிறகு தனியாக இருந்தார். மகள் பிரான்வென் தூரத்தில், ஹோபார்ட் நகரத்தில் இருக்கிறாள். அவரிடம் ஒரு சாம்பல் நிறப் பூனை, மார்பு மட்டும் வெள்ளை. அவ்வளவு அழகான ஜீவனுக்கு அவர் வைத்த பெயர் பில்ஜ். கப்பலின் அடியில் தேங்கும் அழுக்குத் தண்ணீருக்கு அப்படிப் பெயராம். நான் அவளை ஐரிஸ் என்று கூப்பிட்டேன். நான் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கூப்பிட்டாலும் பார்த்தாள்தான், ஆனால் அது வேறு மாதிரியான பார்வை.

அவள் தினமும் வேலி தாண்டி வருவாள். என் காலில் கன்னத்தை உரசுவாள். நான் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தால் அந்தக் காகிதத்தின் மேலேயே ஏறி உட்காருவாள். என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம். நான் அவளுக்குக் கொஞ்சம் சால்மன் மீன் வைப்பது உண்டு. விருந்தாளி வந்தால் எதுவும் கொடுக்காமலா அனுப்புவோம்.

ஒரு சனிக்கிழமை நூலகத்தில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பூனை தனக்குரிய மனிதரைத் தானே தேர்ந்தெடுக்கிறது, உரிமக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது அதற்கு முக்கியமில்லை என்றேன். நல்ல கூட்டம். கிளெம் பின்வரிசையில் இருந்து கையைத் தூக்கினார்.

"ரோஸ், நான் ஒண்ணு கேக்கட்டுமா? என் பூனை உன்னத் தேர்ந்தெடுத்துச்சா, இல்ல உன் சால்மன் டப்பாவத் தேர்ந்தெடுத்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கும் பிறகு நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிரான்வென் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கக்கூடும்.

கொஞ்ச நாளில் பூனை பருத்துவிட்டது, வாந்தி எடுத்தது. யாரோ கண்டதைத் தின்னக் கொடுக்கிறார்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். உடனே கிளெம் தன் தோட்டத்தைச் சுற்றியும் மேலேயும் வலை அடித்துவிட்டார். ஐரிஸ் வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாலின் நுனி மட்டும் துடிக்கும். அது அடக்கி வைத்த ஏக்கம். நான் போய்க் கேட்டேன், மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் ஏணியில் இருந்து இறங்கவே இல்லை.

"நீ தீனி போடுறத நிறுத்து, நாளைக்கே வலையப் பிரிச்சுப் போட்டுடறேன். பூனை வேணும்னா நீயும் ஒண்ணு வளத்துக்கோயேன். இவ என் பூனை, ரோஸ்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புரியாமல் சொன்னார். புரியாதவரிடம் வாதாடிப் பயனில்லை. அந்தப் பூனை அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் திருடுவது என் வழக்கமல்ல. ஆகவே கிளெம்தான் அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று ஆயிற்று.

பூனையின் மனத்தைக் கலைப்பதற்கு அடிக்கவோ திட்டவோ வேண்டியதில்லை. அது மலஜலம் கழிக்கும் மணல்தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும். தண்ணீர்க் கிண்ணத்தை வேறு மூலைக்கு மாற்றினால் போதும். முதலில் முகர்ந்து பார்க்கும். அப்புறம் சாப்பாட்டைக் குறைக்கும். கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். தன் இடம் தனக்குத் தெரிந்தபடி இல்லை என்றால் எந்த உயிருக்கும் அப்படித்தான். இதை நான் பத்திரிகையிலேயே எழுதியிருக்கிறேன்.

அவர் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. மகளைப் பார்க்க ஹோபார்ட் போகும்போது பூனைக்குத் தீனி வைப்பதற்காக அவரே கொடுத்தது. காலையில் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருவார், அந்த நேரம் எனக்குப் போதும். முதலில் மூக்குக்கண்ணாடி. மேசை மேல் இருந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதை எனக்கு வேடிக்கையாகச் சொன்னார். பிறகு காது கேட்கும் கருவி, அப்புறம் திரும்பவும் அந்தக் கண்ணாடி. அவற்றை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. சட்டைகள் அலமாரியில் தட்டு மாறின. தோட்டத்தில் அவர் செடிக்குத் தண்ணீர் விடும்போது அடுப்பில் காலிச் சட்டி ஒன்று சூடேறிக்கொண்டிருக்கும். நான்தான் புகை வாசனை வருகிறதே என்று ஓடிப்போய்ச் சொல்வேன். அந்த விஷயத்தில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். ஐரிஸ் உள்ளே இருக்கிறாள் அல்லவா.

வேடிக்கையாகச் சொல்வதை அவர் நிறுத்திக்கொண்டார். வேலிப்பக்கம் வருவதும் குறைந்தது. அதுவும் நான் எதிர்பார்த்ததுதான்.

பிரான்வெனுக்கு நான் தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு விஷயம். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பூனை இளைத்துவிட்டது, கிண்ணம் காலியாகவே கிடக்கிறது, மனிதர்கள் மறந்துபோவதைப் பூனைகள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்றேன். கிண்ணத்தைக் காலி செய்தது நான்தான். கொட்டிய தீனியைக் கடற்காகங்களுக்குப் போட்டேன், வீணாக்கவில்லை. நல்லவேளை கவனித்தீர்கள் என்று அவள் நன்றி சொன்னாள். நல்ல பெண்.

அடுத்ததைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சங்கடம். ஐரிஸுக்கும் அதில் சிரமம் இருந்தது என்பதுதான் காரணம்.

வலைக்கதவைத் திறந்து அவளை எடுத்துவந்து என் துணி துவைக்கும் அறையில் வைத்தேன். ஒரு வாரம்போல இருக்கும். கதவைப் பிறாண்டினாள், கத்தினாள். வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டேன். கிளெம் தெருத்தெருவாகத் தேடினார். மழை. வீட்டுச் செருப்போடு, இரவு உடையின் மேல் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரை வரைக்கும் "பில்ஜ், பில்ஜ்" என்று கூவிக்கொண்டே போனதைப் பாதி ஊர் பார்த்தது. பூனையின் பெயர் தெரியாதவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வேறு நல்ல பெயர் வைத்திருக்கலாம்.

பிறகு அவளை அவர் வீட்டுக்குள்ளேயே, போர்வைகள் வைக்கும் அலமாரியில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன். அவரே கண்டுபிடித்தார். அன்று மாலை என் கதவைத் தட்டினார். பூனையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தார், தலை மட்டும் வெளியே தெரிந்தது. நான் நாற்காலி போட்டேன், அவர் உட்காரவில்லை.

"அலமாரிக்குள்ள இருந்தா, ரோஸ். வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. வீட்ல வேற யாரு இருக்கா? நான்தான் பூட்டியிருக்கணும். என் பிள்ளைய நானே பூட்டி வச்சிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன்."

நான் தேநீர் போடட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு நீ நேராச் சொல்லணும். பிரான்வென் சொல்ல மாட்டா, அவளுக்குப் பயம். எனக்கு மூளை கலங்குதா?"

ஐரிஸ் அவர் மார்போடு ஒட்டிக்கொண்டு குர்ர்ர் என்று சத்தமிட்டுக்கொண்டிருந்தாள், பூனைகள் தொண்டைக்குள் எழுப்பும் அந்த மெல்லிய சத்தம். பூனைகள் சந்தோஷத்தில் மட்டுமல்ல, வலியிலும் பயத்திலும்கூட அப்படிச் செய்யும். அது நிச்சயம் பயம்தான்.

"பூனைக்கு அதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிரும், கிளெம்," என்றேன். "அவ ஒளிஞ்சுக்க இடம் தேடிப் போயிருக்கா. உங்ககிட்ட ஏதோ மாறிப்போச்சுன்னு அவளுக்குப் பட்டிருக்கு."

நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். பட்டிருக்கலாம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பூனையின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே நின்றார். "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான்.

அதன்பிறகு எல்லாம் தானாக நடந்தது. மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பயந்துபோனவர்களுக்கு, அதுவும் காது சரியாகக் கேட்காதவர்களுக்கு, அப்படித்தான் ஆகும். பக்கத்து ஊரான பர்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அங்கே பூனைக்கு அனுமதி இல்லை. கிளம்புகிற அன்று கிளெம் தானே நடந்து வந்து அவளை என் கையில் கொடுத்தார். கிண்ணத்தையும் தீனிப் பையையும் கொண்டுவந்தார்.

"அவளப் புரிஞ்சுக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்," என்றார். "ஒருநாள் எல்லார் முன்னாடியும் உன்னக் கிண்டல் பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காத."

மனத்தில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை என்றேன். அவர் தன் கையால் கொடுத்தார் என்பதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஐரிஸ் என் வீட்டில் நன்றாகவே இருந்தாள். கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள், அது புது இடத்தைப் பழகிக்கொள்ளும் முறை. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டாள், வயதாகிறது அல்லவா. என் படுக்கையில் மூத்திரம் பெய்தாள். தன் வாசனையை நம் வாசனையோடு கலந்துவைப்பது ஒருவித உரிமை, விரும்புகிறவர்களிடம்தான் செய்யும். சால்மன் வைத்தால் தொடவில்லை. நான் மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலப்போக்கில் சரியாகும் என்று தெரியும். என் கையில் இருக்கும் இந்தக் கீறல்கள் விளையாட்டில் பட்டவை.

பிரான்வென் போன வாரம் எலுமிச்சைக் கேக் ஒன்று செய்துகொண்டு வந்தாள், நன்றி சொல்ல. வீட்டை விற்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கேக் வெட்டக் கத்தி எடுக்கிறேன் என்று சமையலறை இழுப்பறையைத் திறந்தாள். தவறான இழுப்பறை. ஒரு மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம், கொஞ்சம் சாவிகள். தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் பொருளைக் குப்பையில் போடுவது சரியல்ல.

கண்ணாடியின் ஒரு கால் உடைந்து தூண்டில் நரம்பால் சுற்றிக் கட்டியிருந்தது. அதைக் கையில் எடுத்து அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தக் கட்டு அப்பா போட்டது," என்றாள். "ஆத்துல விழுந்திருக்கும், நான்தான் போட்டிருப்பேன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. நான் புதுசு வாங்கிக் குடுத்தேன். கண்ணாடியையும் தொலைச்சிட்டீங்களான்னு அவரத் திட்டினேன், ரோஸ். நான் திட்டினேன்."

நான் தேநீரை ஊற்றி முடித்தேன். அவள் என்னைக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவள் அப்பா வீட்டுக்குப் போய்ப் பூனைக் கூடையைக் கொண்டுவந்து, திறந்து கட்டிலுக்கு முன்னால் வைத்தாள். ஐரிஸ் வெளியே வந்து தானாகவே அதற்குள் ஏறிக்கொண்டாள். பூனைகளுக்குப் பெட்டி, கூடை என்றால் ஒரு ஆசை, யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்காது. கேக்கைப் பிரான்வென் விட்டுவிட்டுப் போனாள்.

ஆகவே, ஆமாம். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். கண்ணாடி, அடுப்பு, அலமாரி, எல்லாம். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் இதில் பாதிக்கப்பட்டவர் யார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நேற்று நீங்களே சொன்னீர்கள்: பிரான்வென் நடந்ததையெல்லாம் அப்பாவிடம் எடுத்துச் சொன்னாளாம், கண்ணாடியையும் காட்டினாளாம், வீட்டுக்கு வாங்க என்று கெஞ்சினாளாம். அவர் தலையை ஆட்டி, "ரோஸ் அப்படிச் செய்யிற ஆளில்ல, நான்தான் எங்கயோ வச்சு மறந்திருப்பேன்" என்றாராம். வீட்டுக்குப் போக மாட்டேன், போனால் பூனையைத் திரும்பவும் பூட்டிவிடுவேன் என்றாராம்.

வேண்டுமானால் நீங்களே பர்னிக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் எந்த மனவருத்தமும் கிடையாது.