அம்மாவின் குளியலறைக் கதவு

அடுத்தவர் வீட்டுப் பேச்சை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். புஞ்சாக் ஆலாம் போகும் பஸ்ஸில், தூறலில், என் முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"குளிக்கிறப்ப அம்மா தெரியவும் கூடாது, தெரியாமலும் இருக்கக்கூடாது," என்றார் அக்கா.

"குளியலறைக் கதவுக்கு மங்கலான அக்ரிலிக் ஷீட் போடுறோம்லா. நிழலாத்தான் தெரியும்."

"தண்ணி பட்டா?"

"மங்கலாக்குற சொரசொரப்பு உள்பக்கம் இருந்தா, நனைஞ்சதும் பளிச்சுனு தெரிஞ்சிடும். வெளிப்பக்கம் வச்சிடலாம். ரெண்டு பக்கமும் சொரசொரப்பா உள்ளதும் விக்கிறான்."

"போன தடவ மாதிரி விழுந்துட்டா? வெக்கப்பட்டுக் கூப்பிடவே மாட்டாங்கடா."

"கூப்பிட வேணாம்க்கா. கையைக் கதவுல வைக்கச் சொல்லு. ஒட்டி வச்சா அஞ்சு விரலும் தெரியும்."

அக்கா ஆவி படர்ந்த பஸ் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப தரை வரைக்கும் போடுடா. விழுந்து கெடந்தாலும் கை எட்டணும்."

அந்த அம்மாவுக்காக முருகா என்று கும்பிட்டேன். என் காதில் விழுந்தது இவ்வளவுதான். யாருக்காவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.