இரண்டாவது கோணம்

எனக்குப் பொய் சொல்ல வராது. அக்கா சமையலில் உப்பு குறைந்தால்கூட முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

இதய சிகிச்சைப் பிரிவில் எனக்குக் கைராசிக்காரர் என்று பெயர். ஒன்பது வருடத்தில், அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்க நான் வைத்த ஸ்டென்ட் ஒன்றுகூட மறுபடி அடைத்ததில்லை. அடைத்தால், மாதக் கூட்டத்தில் அந்தப் படத்தைப் பெரிய திரையில் ஓட்டுவார்கள். வைத்த டாக்டர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். நான் ஒருமுறைகூட எழுந்ததில்லை.

அக்கா கணவருக்கும் நான்தான் வைத்தேன். ஆறு மாதம் கழித்து, மறுபரிசோதனைக்கு மேசையில் படுத்தபோதும் மாமாவுக்கு வாய் ஓயவில்லை.

"என்ன மாப்ள, நீ வெச்ச ஸ்பிரிங்கு துருப்பிடிச்சிருச்சா?"

சாயத்தைச் செலுத்திப் படம் எடுத்தேன். நேரே பார்த்தால் ரத்தக்குழாய் அகலமாக இருந்தது. ஆனால் இரண்டு கோணம் எடுப்பதுதான் முறை. அடைப்பு வந்த இடத்தில் மிச்சமிருக்கும் வழி சில சமயம் நாடா போலத் தட்டையாகிவிடும். நேரே பார்த்தால் அகலம், பக்கவாட்டில் பார்த்தால் நூல்.

இரண்டாவது கோணம் பதிவில் இல்லை என்று போன வாரம் விசாரணைக்கு வந்த உங்களிடம் சொன்னேன். உண்மைதான். அழித்த நேரத்தை இயந்திரம் குறித்து வைக்கும் என்று எனக்குத் தெரியாது. டெக்னீஷியனை ஒரு கோப்பு எடுத்துவர அனுப்பிவிட்டு, எடுத்தேன், பார்த்தேன். ஸ்டென்டுக்குள் நூலளவுதான் வழி. அப்போதே பலூன் விட்டு விரித்திருக்கலாம், அரைமணி நேர வேலை. விரித்தால் படம் திரைக்குப் போகும். அழித்தேன்.

வெளியே அக்கா நின்றிருந்தாள்.

"எல்லாம் நல்லாருக்காடா? இனிமே மாடி ஏறலாமா?"

"தாராளமா ஏறட்டும்க்கா."

அவள் முகம் மலர்ந்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மருந்தையாவது கூட்டிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கூட்டினால் ஏன் என்று கேட்பாள். கூட்டவில்லை.

பதினோராம் நாள் மாமா மூன்றாவது மாடிப் படியில் விழுந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேடா" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

மாமாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்டென்ட் அடைத்ததாக மட்டும் எழுதாதீர்கள். அதற்குப் படம் எதுவும் இல்லை.