பேட்டி முடிஞ்ச பிறகு

இல்லீங்கய்யா, உங்ககிட்ட நேர்ல கேட்டது நான் இல்ல. எங்க காலேஜ் சீனியர் அக்காதான் வந்து கேட்டாங்க. நான் ஹெட்போன் வழியா உங்க பேச்சக் கேட்டவதான். அக்கா பதிவு பண்ணிட்டு வந்தத நிறுத்தி நிறுத்திக் கேட்டு டைப் அடிச்சேன். உங்க முகத்த இன்னைக்குத்தான் பாக்கறேன், ஆனா உங்க இருமல்கூட எனக்குத் தெரியும்.

அக்காவா? அவங்க... வரலீங்க. சொல்றேன். முதல்ல இந்தத் தாள ஒரு தடவ பாத்துருங்க.

இங்க உக்காரவா? ஸ்டூல்மேல மோட்டார் இருக்கே. நானே இறக்கி வச்சுக்கறேன். யப்பா, என்ன கனம்!

நீங்க அன்னைக்குச் சொன்னது அத்தனையும் இதுல இருக்கு. பேர் மட்டும் இருக்காது. உங்களுக்கு மோட்டார் மெக்கானிக், வீட்டம்மாவுக்கு மனைவி, அவ்வளவுதான். நாங்க எழுதினது நீங்க சொன்னதுதானான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். தப்புன்னா அடிச்சிருங்க. எங்க வேலையில அது ஒரு முறை. பேசினவங்களுக்குத்தான் கடைசி வார்த்த.

அதானே, பன்னெண்டு பேர்கிட்டப் பேசிட்டு என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீங்க, அதானே கேக்கறீங்க? எங்கப்பாவும் இதையேதான் கேட்டார். எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆள் நான். உளவியல்னதும் பைத்தியத்துக்கு மருந்து குடுக்கற டாக்டரான்னார். இல்லப்பா, துணைய இழந்தவங்க வீட்டுக்குப் போய் அவங்க பேசறதக் கேக்கறதுன்னேன். அதுக்கு எதுக்குடி ஒரு படிப்பு, உங்க அத்தை தெருவுல இருக்கற அத்தனை பேர் கதையையும் ஓசியிலயே கேட்டுட்டு வராளேன்னார்.

சிரிக்கறீங்க. இப்பக் கேட்டார்னா இதச் சொல்வேன். எத்தனை பேருக்குத் தூக்கம் வரலன்னு தெரியணும்னா ஆயிரம் பேரக் கேக்கலாம். ஒரு மனுஷர் தூக்கம் வராதப்ப என்ன பண்றார்னு தெரியணும்னா அவர் பக்கத்துல போய்த்தான் உக்காரணும். வருத்தமா இருந்துச்சான்னு கேக்கக் கூடாது. கேட்டா ஆமாம்பாங்க, கதை அதோட முடிஞ்சுரும். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டு வாய மூடிக்கணும். அதுதான் கஷ்டம். எனக்கு இன்னும் வரல, பாக்கறீங்கல்ல.

மூணாம் பக்கத்தப் பாருங்க. மனைவி போனப்புறம் நாளு எப்படிப் போகுதுன்னு கேட்டதுக்கு, ஒண்ணுமில்லம்மா, பழகிருச்சுன்னு சொல்லியிருக்கீங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. நான் மௌனம்னு எழுதி, பழகிப்போதல்னு ஒரு தலைப்பு வச்சு அதுக்குக் கீழ தள்ளிட்டேன். அக்கா கோவப்பட்டு நான் பாத்ததில்ல, அன்னைக்குப் பட்டாங்க. அவர் மோட்டார நிறுத்தினார்டி, நல்லாக் கேளுன்னாங்க. கேட்டேன். பின்னாடி ஓடிட்டிருந்த சத்தம் நிக்குது. அப்புறம்தான் நீங்க சொல்றீங்க, வேலை நடக்கறப்ப அவ உள்ள இருந்து கூப்பிட்டா எனக்குக் கேக்காது, திட்டுவா, அதனால நடுநடுவுல நிறுத்திப் பாப்பேன், இப்பவும் கை தானா நிறுத்திருதும்மான்னு.

இது பழகிப்போனதாய்யா? அந்தத் தலைப்பத் தூக்கிட்டோம். புதுசா வச்சது கீழ இருக்கு பாருங்க, காது கொடுத்தபடி இருத்தல்னு. சரியா வருதுங்களா?

...மெதுவாப் பாருங்க. அவசரம் ஒண்ணுமில்ல.

இருங்க, இருங்க, கையெழுத்து இப்பவே வேணாம். நீங்க சரின்னு சொல்லிட்டா உங்க குரல் பதிவ நான் அழிச்சாகணும். எழுத்த சரிபாத்ததும் குரல் இருக்காதுன்னு அக்கா அன்னைக்கே சொல்லியிருப்பாங்க. உங்களுக்குக் குடுத்த வாக்கு அது. மத்தவங்களோடது எல்லாம் அழிச்சாச்சு. நான்தான் அழிச்சேன், ஒவ்வொண்ணா. உங்களோடது ஒண்ணுதான் பாக்கி.

அதனால ஒண்ணு கேக்கணும். மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிருங்க, நான் எதுவும் நெனச்சுக்க மாட்டேன்.

பேட்டி முடிஞ்ச பிறகு அக்கா பதிவ நிறுத்த மறந்துட்டாங்க. எழுந்து வாசலுக்கு வர்றாங்க, செருப்பு வார் அந்து போச்சு. நீங்க செம்புக் கம்பி வச்சு முறுக்கிக் குடுக்கறீங்க. ஞாபகம் இருக்கா? அந்த இடத்த நான் எழுதல. ஆராய்ச்சிக்கு ஆகாத பேச்சுதானே. ஆனா பதிவுல அங்க மட்டும்தான் அக்கா தன் கதையப் பேசறாங்க. மத்த இடமெல்லாம் ஒரு கேள்வி, அப்புறம் ம், ம், அவ்வளவுதான். இத மாத்துடி மாத்துடின்னு எங்கம்மா தலப்பாடா அடிச்சுக்கிட்டாங்க, இன்னைக்குப் போய் நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறேன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு.

அக்காவோட அந்த அம்மா போன வாரம் எங்க காலேஜுக்கு வந்திருந்தாங்க. அக்கா மேசையில இருந்தத எடுத்துட்டுப் போக.

ஆமாங்கய்யா. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில சேத்தாங்க, அப்புறம் கண்ணே திறக்கல. உங்ககிட்ட மறைக்கணும்னு இல்லீங்க. வந்ததும் சொல்லணும்னுதான் நெனச்சேன், தாள நீட்டிட்டேன்.

அவ செல்போன யாராலயும் திறக்க முடியலம்மா, ஊர்ல உள்ளவங்க பேச்சையெல்லாம் பதிவு பண்ணினாளே, அவ பேசினது எதுலயாவது இருக்கான்னு கேட்டாங்க. நான் இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அது உங்க பதிவு. தூக்கிக் குடுக்க நான் யாரு? எங்க பேராசிரியர்கிட்டக் கேட்டேன், பேசினவர் சம்மதிச்சாக் குடுக்கலாம்னாங்க.

நீங்க சம்மதிச்சா, அந்தச் செருப்புப் பேச்ச மட்டும்தான் அந்த அம்மாவுக்கு வெட்டிக் குடுப்பேன். நீங்க மனசு விட்டுச் சொன்னது ஒரு சொல்லுகூட வெளிய போகாது. அதுக்காகவே நேத்து மறுபடி முழுசாக் கேட்டு சரிபாத்துட்டேன். அந்த இடத்துல உங்க குரல் ஒரே ஒரு தடவைதான் வருது. பாத்துப் போம்மான்னு சொல்றீங்க.