இடது கைச் சிப்பாய்

தேநீருக்கு நன்றி, தோழரே. சர்க்கரையைக் கலக்க வேண்டாம். கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு குடிப்பதுதான் என் பழக்கம். பதினான்கு வருடம் கழித்து அக்லாயாவின் வழக்குக் கோப்பை மறுபடி திறந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

போர்க்காலத்தில் மாஸ்கோவில் எங்கள் சுவரொட்டிப் பட்டறையில் அச்சு இயந்திரம் கிடையாது. நிறத்துக்கு ஓர் அட்டையில் உருவத்தைத் துளையாக வெட்டி, தாள்மேல் வைத்துச் சாயம் தடவுவோம். தாளின் இடப்பக்கம் மேற்கு, எதிரி இருக்கும் திசை. நம் சிப்பாய் இடப்பக்கம் நோக்கித்தான் நடக்க வேண்டும். பாம்பு என்றால் எதிரி, சிவப்பு என்றால் நாம் என்பதுபோல அதுவும் எழுதாத சட்டம்.

பன்னிரண்டு வருடம் வரைந்தவன் நான். அக்லாயா வந்த மூன்றாம் மாதமே பட்டறைத் தலைவர் தீஹன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஃபோமா, உன் சிப்பாய் மரப்பொம்மையாட்டம் நிக்கிறான்யா. இந்தப் பொண்ணு வரைஞ்சவன் நடக்குறான் பாரு. நீ இனிமே அட்டை வெட்டு, போதும்."

வயிறு எரிந்தது. மறைப்பானேன்? அவள் வேறு, "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்று தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். அது இன்னும் எரிந்தது.

ஜூலையில் படைகளுக்கு ஆணை வந்தது: ஓரடிகூடப் பின்வாங்கக் கூடாது. அந்த வாரம் அவள் படத்தின் ஏழு அட்டைகளையும் புரட்டி வைத்துச் சாயம் தடவினேன். எழுத்து அட்டையை மட்டும் நேராக வைத்தேன்; இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சிப்பாய் கிழக்கே, வீட்டைப் பார்த்து நடந்தான். முந்நூறு பிரதிகள் சுவரேறின. பிறகு மேலிடத்தில் ஒரு கேள்விதான் கேட்டேன்: "இவன் எந்தப் பக்கம் போறான், தோழரே?"

ஒப்புதல் தந்த தீஹன், பயத்தில், படமே ஞாபகமில்லை என்றார். அக்லாயா மட்டும் பிரதியை உற்றுப் பார்த்தாள். "அண்ணே, துப்பாக்கி இடது கையில இருக்கே. நான் இப்படியா வரைஞ்சேன்?"

"நீயேதான். தூக்கமில்லாம கை மாறிப்போச்சு."

நம்பினாள். தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். உங்கள் கோப்பில் இருக்கும். கைதி முகாமில் இரண்டு குளிர்காலம்தான் தாங்கினாள் என்று கேள்வி.

அவளுடைய மூல ஓவியம் அடுப்பில் போய்விட்டதாக அப்போது சொல்லியிருந்தேன். போகவில்லை. என் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சிப்பாய் மேற்கே நடக்கிறான், துப்பாக்கி வலது கையில். மூலையில் என் கையெழுத்து. பார்க்கிறவர்கள் கண்கலங்குகிறார்கள். என் சிப்பாயும் நடப்பான் என்பதைப் பார்க்கத் தீஹன்தான் இல்லை.