நிறுத்தி வைத்த கணக்கு

கொடைக்கானல் குளிர் மனிதர்களைவிடக் கணினிகளுக்குத்தான் ஒத்துக்கொள்ளும். அதனால்தான் பல கல்லூரிகள் சேர்ந்து எங்கள் மையத்தை இங்கே வைத்தன. ஆராய்ச்சிக்காரர்கள் அவரவர் ஊரிலிருந்தே பெரிய பெரிய கணக்குகளை அனுப்புவார்கள். எங்கள் கணினிகள் வரிசைப்படி போட்டுக் கொடுக்கும். அந்த வரிசையைக் காப்பது என் வேலை. டீயைக் குடியுங்கள் இன்ஸ்பெக்டர், ஆறுகிறது.

எல்லோருமே அவசரம் என்றுதான் சொல்வார்கள். நாளைக்கு மாநாடு, வழிகாட்டிக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம் நெருங்குகிறது. பாதி பொய். ஒவ்வொருவருக்கும் கணினி நேரத்தில் மாதப் பங்கு உண்டு. அது தீர்ந்துவிட்டால் சிலர் சிநேகிதர் பெயரில் நுழைவார்கள். கட்டளை எழுதும் தினுசை வைத்தே நான் பிடித்துவிடுவேன்.

ஜஹீரா, பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் சைஃபுல்லாவின் மகள். எந்த மலைச்சரிவு எப்போது பெயரும் என்பது அவள் ஆராய்ச்சி. அந்த வாரம் மழை விடவே இல்லை. கீழ்ப்பாறைக் குடியிருப்புக்கு மேலே இருக்கும் சரிவைக் கணக்கிட, தேவசேனா என்ற சிநேகிதியின் பெயரில் நுழைந்திருந்தாள். மதியமே கண்டுபிடித்து நிறுத்தி வைத்தேன். அழிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம்தான் மேடம் ஓடணும். விட்ருங்க."

"யார் பேர்ல ஓடுது?"

"தப்புதாங்க. நாளைக்கு என்னைய மையத்தை விட்டே தூக்கிருங்க. கணக்கு முடிஞ்சு வர்ற படம் கையில இல்லாம தாசில்தார் ஆபீசுல ஜனங்கள எறக்க மாட்டாங்க. வாய்ப்பேச்சுக்கு வண்டி அனுப்புவாங்களா?"

"போன வருசமும் சரியும்னு சொன்னே. ஒரு கல்லாச்சும் உருண்டுச்சா?"

"உருளலன்னு வருத்தமா மேடம் உங்களுக்கு?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. தேவசேனாவை நேரில் கூட்டி வந்தால் விடுகிறேன் என்றேன். விதி அதுதான். அந்தச் சிநேகிதி பழனியில் இருப்பதும், மலைப்பாதையில் மரம் விழுந்து கிடப்பதும் எனக்குத் தெரியும்.

ஜஹீரா போன பிறகு, அவள் புளுகைப் பார்த்துவிடலாமென்று, அதுவரை முடிந்திருந்த படத்தைத் திறந்தேன். கீழ்ப்பாறை முழுக்கச் சிவப்பு. பள்ளிக்கூடம்கூட. சிவப்பு என்றால் மண் இறங்கும் இடம். ஆனால் அரைகுறைக் கணக்கை நம்பக் கூடாது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். முழுதாக ஓட விட்டிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். அன்று விட்டால் அப்புறம் யார் வரிசையில் நிற்பார்கள்?

விடியும்போது மண் இறங்கியது. முந்தைய சாயங்காலமே ஜஹீரா அங்கே போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினாளாம். சிலர் கேட்டார்கள். பலர் சிரித்தார்கள். அவள் உடலைக் கடைசி வீட்டு வாசலில் எடுத்தார்கள்.

அந்தப் படத்தை நான் நம்பவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். நம்பியிருந்தால் ஓட விட்டிருக்க மாட்டேனா?

படத்தை மூடியதும் கீழ்ப்பாறையில் இருந்த என் தங்கைக்குப் போன் செய்தது வேறு விஷயம். "சோலியெல்லாம் கெடக்கட்டும். பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெரசா அட்டுவம்பட்டிக்கு என் வீட்டுக்கு வந்துரு" என்றேன். என்ன ஏது என்று யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். வீண் பீதி கூடாது பாருங்கள்.

"பக்கத்து வீட்டு இருளாயி தனியாக் கெடக்கும்க்கா. அதையும் கூட்டியாரட்டா?" என்று கேட்டாள்.

இடமில்லை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. வீடு சிறியது, நீங்களே பார்க்கிறீர்கள்.